அப்பா ஓட்டாத படகு

1

இந்த வாரம் முழுக்க நானும் இவரும் தையல் பிரித்துக்கொண்டிருக்கிறோம். சாப்பாட்டு மேசை மேல் குளியல் துண்டுத் துணியில் தைத்த அங்கிகள் குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றின் கழுத்துக்கு உள்பக்கமும் ஒரு சின்னத் துணிப்பட்டை இருக்கிறது. அதில் ஆங்கிலத்தில் மூன்று வரி. அந்த மூன்று வரியைத்தான் பிரித்து எடுக்கிறோம். தைத்ததும் நாங்கள்தான். தைக்கிறபோது பாட்டுப் போட்டுக்கொண்டு தைத்தோம், பிரிக்கிறபோது பாட்டு இல்லை.

நாங்கள் இருப்பது சிட்னிக்கு வடக்கே கடலோரத்தில் ஒரு சிற்றூர். இவர் தென்காசிக்காரர், நான் மேலகரம். இங்கே வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. இவருக்கு ஒரு சரக்குக் கிட்டங்கியில் மேற்பார்வை வேலை. மகள் இனியாவுக்குப் பன்னிரண்டு வயது. அலைமேல் பலகை போட்டு விளையாடுகிற சர்ஃபிங்காரர்களுக்காக ‘சாரல்’ என்ற பெயரில் உடுப்பு வியாபாரம் தொடங்கி இந்த மாதத்தோடு மூன்று வருஷம் முடிகிறது. ஊரில் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வதுபோல் பெரிய கம்பெனி ஒன்றும் இல்லை. கார் நிறுத்துகிற அறையில் இரண்டு தையல் மெஷின், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு கூடாரம், ஒரு இணையப் பக்கம், அவ்வளவுதான். மூன்றாம் வருஷத்துக்குக் கேக் வெட்டலாம் என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேக் வெட்டாமல் ஏன் தையல் பிரிக்கிறோம் என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சொல்ல வாய் கூசுகிறது. கூசட்டும்.

2

சீசனுக்குக் குற்றாலம் போனவர்களில் பாதிப் பேராவது என் அப்பாவைப் பார்த்திருப்பார்கள். பேரருவிக்குப் போகிற வழியில் துண்டு, பனியன், சோப்பு, எண்ணெய்ப் பாக்கெட் எல்லாம் சரம் சரமாகத் தொங்குகிற கடைகளில் ஒன்று அவருடையது. ஆனால் பிழைப்பு துண்டில் இல்லை. மாற்றுத்துணி எடுக்காமல் வந்துவிட்டு, அருவியைப் பார்த்ததும் ஆசை தாங்காமல் நிற்பவர்களுக்கு அவர் ட்ரவுசர் வாடகைக்கு விடுவார். குளித்துவிட்டு ஈரத்தோடு திருப்பிக் கொடுப்பார்கள். பிழிந்து காயப்போட்டால் மத்தியானம் அது இன்னொருவர் இடுப்புக்குப் போகும். சாயங்காலம் எல்லாம் மூட்டையாகக் கட்டி மேலகரத்துக்கு வரும். அம்மா இருந்தவரைக்கும் சோடா உப்புப் போட்டு அவித்துத் துவைப்பாள். எங்கள் வீட்டுக் கொடி முழுக்க நீல ட்ரவுசராகத் தொங்கும். அதைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி கேட்டாள், “ஏட்டி, ஊரான் ட்ரவுசரு பூரா ஒங்க வீட்டுக் கொடியிலதான் கெடக்கு, எப்பிடிட்டி அங்கன ஒக்காந்து சோறு திங்க?” என்று. வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு தோழிகளோடு அருவிக்குப் போனால் அப்பா கடை வருகிற இடத்தில் எதிர்ச்சாரிக்கு மாறி நடப்பேன். அப்பா பார்ப்பார், கூப்பிட மாட்டார். கூட்டத்தில் என்னைக் கவனித்திருக்க மாட்டார் என்று நானே சொல்லிக்கொள்வேன்.

அவருக்கு அந்த வேலையில் ஒரு கூச்சமும் கிடையாது. இவர் வீட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தபோது, ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுகிற தரகர் ஒருவர், “பொண்ணுக்கு அப்பா ஜவுளி யாவாரம்” என்று ஆரம்பித்தார். அப்பா காப்பித் தட்டோடு நின்றபடியே திருத்தினார். “ஜவுளில்லாம் இல்ல அண்ணாச்சி. துண்டும் ட்ரவுசரும். ட்ரவுசரு வாடகைக்கு. சீசன் இல்லாட்டா தென்காசியில ஒரு கடையில துணி கிழிச்சுக் குடுப்பேன்.” உள்ளறையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்த எனக்கு, இந்தச் சம்பந்தம் போனது என்று தோன்றியது. ஆனால் இவர் சிரித்துவிட்டு, “நானே வாங்கிக் குளிச்சிருக்கேன் மாமா” என்று சொன்னாராம். எனக்கு இவரைப் பிடித்துப்போனது அதற்காகத்தான். அப்பாமேல் இருந்த கோபம் மட்டும் போகவில்லை.

3

அங்கி யோசனை இவருடையது. இங்கே கடற்கரையில் கார் நிறுத்துகிற இடத்தில், கடலிலிருந்து ஏறி வருகிறவர்கள் உடம்போடு ஒட்டிய ரப்பர் உடுப்பைக் கழற்றப் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டும். ஒரு கையில் துண்டைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதிப்பார்கள். காற்று துண்டைத் தூக்கும். நாங்கள் காரில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டு வேடிக்கை பார்ப்போம். எங்கள் இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது.

“ஏட்டி, ஒங்க அப்பா இங்கன நின்னா தலையில அடிச்சுக்கிடுவாரு. ஒரு துண்டக் கட்டத் தெரியல பாரு இவனுவளுக்கு,” என்றார் இவர்.

அப்பாவிடம் ட்ரவுசர் வாங்குகிறவர்கள் நடுரோட்டிலேயே மாற்றியாக வேண்டும். துண்டை இடுப்பில் சுற்றி, மேல் ஓரத்தை வெளிப்பக்கமாக இரண்டு சுற்று உருட்டிவிடச் சொல்வார். முடிச்சுக் கிடையாது, ஆனால் அவிழாது. ரொம்பக் கூச்சப்படுகிறவர்கள் என்றால் இன்னொரு துண்டை விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, தான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். அதையே கழுத்திலிருந்து தொங்கவிட்டால் என்ன என்று இவர் கேட்டார். இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்துத் தலைக்குக் குல்லாய் வைத்தோம். இந்த மாதிரி அங்கி இங்கே கடைகளில் முன்பே உண்டு, நாங்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. எங்களுடையது கனம் குறைவு, சீக்கிரம் காயும். அருவித் துண்டின் குணம் அது.

அப்பாவுக்கு ஃபோன் செய்து துண்டு கேட்டேன்.

“எதுக்கும்மா இத்தன துண்டு?”

“கடல்ல குளிச்சுட்டு வந்து துணி மாத்துததுக்குப்பா.”

“அங்கனயும் ரோட்டுல நின்னுதான் மாத்துதாவளா?”

“ஆமாப்பா.”

“பெறகென்ன, நம்ம யாவாரந்தான,” என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கோ அந்த ‘நம்ம’ சுருக்கென்று குத்தியது.

4

அப்பா அனுப்பிய துண்டுப் பெட்டி வரவில்லை, இங்கே சரக்குச் சோதிக்கிற அதிகாரிகளின் கடிதம்தான் வந்தது. துண்டுகளுக்கு நடுவே காய்ந்த தாவரப் பொருள் இருப்பதால் பெட்டியை நிறுத்தி வைத்திருக்கிறோம், அது என்ன, எதற்காக என்று விளக்கவும் என்று எழுதியிருந்தார்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அப்பா ஒவ்வொரு மடிப்பிலும் வேப்பிலை வைத்திருக்கிறார். கடையில் எப்போதும் வைப்பதுதான். அதை இந்த நாட்டு அதிகாரிக்கு எழுதி விளக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. மருந்தா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். சமயச் சடங்குக்கா என்றார்கள். யோசித்துப் பார்த்து, அதுவும் இல்லை என்றேன். கடைசியில் இலைகளை எடுத்து அழித்துவிட்டு, அதற்கு என்னிடமே கட்டணமும் வாங்கிக்கொண்டு பெட்டியை விட்டார்கள்.

பெட்டியை விடுவிக்க நிரப்பிய படிவத்தில் அனுப்புகிறவரின் தொழில் என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. ‘ஜவுளி ஏற்றுமதியாளர்’ என்று எழுதினேன். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, “மாமாவுக்குத் தெரிஞ்சா பயந்துருவாரு,” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு யாராவது என் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம்.

5

சந்தையில் முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஈ ஓட்டினோம். துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள், நன்றாக இருக்கிறது என்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். எங்களைச் சுற்றி இருந்த கூடாரக்காரர்கள் எல்லாரும் கடலில் புரண்டு வளர்ந்தவர்கள். நடுவில் நான், முழங்கால் நனைவதற்கு மேல் கடலுக்குள் போகாதவள், சர்ஃபிங் உடுப்பு விற்கிறேன். அங்கே நிற்க எனக்கு என்ன உரிமை என்று எனக்கே தோன்றிக்கொண்டிருந்தது.

நான்காவது ஞாயிறு ஒரு பெரியவர், தோள் எல்லாம் வெயிலில் புள்ளி விழுந்தவர், ‘சாரல்’ என்றால் என்ன என்று கேட்டார். மலை தாண்டி வருகிற மெல்லிய தூறல் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் அதற்காகவே பஸ் ஏறி வருவார்கள் என்று சொல்லியிருக்கலாம். “அலை உடையும்போது முகத்தில் தெறிக்கிற நீர்,” என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் நீ கடல்காரியா என்றார்.

“என் அப்பா மீனவர்,” என்றேன்.

அவர் இரண்டு அங்கி வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலத்துக்குள் தன் கூட்டாளிகள் நாலு பேரையும் அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கு வருகிற வழியில் இவர் சொன்னார். “ஏட்டி, ஒங்க அப்பா மீன மார்க்கெட்டுலதான் பாத்திருக்காரு. அதும் முள்ளு எடுக்கத் தெரியாது அவருக்கு.”

“இவங்களுக்குத் தெரியவா போகுது?” என்றேன்.

இவர் சிரித்துக்கொண்டே காரை ஓட்டினார். இவர் குணம் அது. நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால், பக்கத்தில் உட்கார்ந்து குழம்பு ஊற்றுவார். இணையப் பக்கத்தை அமைத்ததும் இவர்தான், வாசகம் என்னுடையது. மூன்று தலைமுறையாகக் கடலை நம்பி வாழ்ந்த குடும்பம் நாங்கள், என் அப்பாவின் படகிலிருந்துதான் இந்தத் துணி தொடங்குகிறது என்று எழுதினேன். அதையே மூன்று வரியாக்கி அங்கிகளின் கழுத்துப் பட்டையிலும் தைத்தோம். அப்பாவின் படம் ஒன்றும் போட்டோம். தலையில் துண்டு, வெறும் பனியன், சாரலில் நனைந்த முகம். பின்னால் இருந்த கடையை இவர் வெட்டி எடுத்துவிட்டார். பார்த்தால் யாரும் மீனவர் என்றுதான் நினைப்பார்கள்.

கடலுக்குப் போனவர்கள் திரும்பி வராத வீடுகள் எங்கள் கிழக்குக் கரையில் எத்தனையோ இருக்கின்றன. அந்தத் துக்கத்தில் ஒரு துளிகூட அனுபவிக்காமல் அந்தப் பெயரை மட்டும் எடுத்துக் கழுத்துப் பட்டையில் தைத்துக்கொண்டேன். இதை நினைக்கும்போது அப்பா விஷயத்தைவிட இது பெரிய பாவமோ என்று தோன்றுகிறது. இரண்டையும் நிறுத்துப் பார்க்கிற தராசு என்னிடம் இல்லை.

6

இங்கே குளிர்கால விடுமுறை வருவது ஜூலையில். குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருக்கிற மாதம். ஐந்து வருஷத்துக்குப் பிறகு இந்த ஜூலையில் மூவரும் போனோம். திருவனந்தபுரத்தில் இறங்கி, காரில் செங்கோட்டை வழியாக வந்து சேர்ந்தபோது மேலகரத்தில் நல்ல சாரல். அப்பா கடையைச் சீக்கிரம் எடுத்துவைத்துவிட்டுப் புரோட்டாப் பொட்டலத்தோடு வாசலில் நின்றார். மெலிந்திருந்தார். இனியாவைப் பார்த்து, “என்னா வளத்தி,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இனியாவின் தமிழ் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்ற தமிழ், புத்தகம் பேசுவதுபோல் பேசுவாள். சாப்பிடும்போது கேட்டாள்.

“தாத்தா, உங்கள் படகு எங்கே இருக்கிறது?”

“எந்தப் படகும்மா?”

“நீங்கள் மீன் பிடித்த படகு.”

பள்ளியில் குடும்பத்தில் ஒருவருடைய தொழிலைப் பற்றி வீடியோ எடுத்து வரச் சொல்லியிருந்தார்களாம். அவள் எங்களிடம் அதைச் சொல்லவே இல்லை. நான் அவளிடம் அப்பாவைப் பற்றி என்றைக்குமே வாய் திறந்து பேசியதில்லை. கேட்டால், “தாத்தா பிசினஸ்” என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். பிள்ளை பின்னே எங்கே போய்த் தெரிந்துகொள்ளும்? அம்மா எழுதிவைத்திருக்கிற இணையப் பக்கத்தைப் படித்திருக்கிறாள், நம்பியிருக்கிறாள். ஊரை ஏமாற்றுகிறோம் என்று நினைத்தேன். வீட்டுக்குள் ஒருத்தி அதையே படித்து வளர்கிறாள் என்பது என் புத்தியில் ஏறவில்லை.

இனியா ஃபோனை எடுத்து அப்பாவிடம் அந்தப் பக்கத்துப் படத்தைக் காட்டினாள். கீழே இருந்ததை வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் தன் தமிழில் அர்த்தமும் சொன்னாள். நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழுந்து, காலிச் செம்போடு நின்றேன். இவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன்.

“அத வித்தாச்சும்மா,” என்றார் அப்பா. “படக வித்துட்டுத்தான் இந்தக் கடையப் போட்டேன்.”

“கடல் இங்கே இல்லையே?”

“இங்கன இல்ல. அங்கன, கெழக்க, திருச்செந்தூர்ப் பக்கம். நீ புரோட்டாவத் தின்னு, ஆறுது.”

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்காக முதல் பொய்யைச் சொல்லிவிட்டு, அடுத்த புரோட்டாவைப் பிய்த்து அவள் இலையில் வைத்தார்.

7

மூன்று நாள் இனியா ஃபோனும் கையுமாகக் கடையில் உட்கார்ந்திருந்தாள். கடலில் பயமாக இருந்ததா என்று கேட்டாள். “தண்ணின்னா பயம் வேணும்மா. நெறம் மாறுச்சுன்னா எறங்கக் கூடாது. செவப்பா வந்தா மேல மழைன்னு அர்த்தம்,” என்றார். அருவியைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நடுவில் ஒருவர் வந்து, “அண்ணாச்சி, முப்பத்தாறு சைஸ் இருக்கா?” என்பார். அப்பா ஒரு ட்ரவுசரை உருவிக் கொடுத்துவிட்டு, திரும்பவும் இல்லாத கடலுக்குப் போவார்.

மூன்றாம் நாள் மத்தியானம் இவர் இனியாவை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார். கடையில் நானும் அப்பாவும் மட்டும். ஈர ட்ரவுசரைப் பிழிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், கேட்டார்.

“வல எத்தன மீட்டர் நீளம்னு பிள்ள கேக்காம்மா. நான் நாளைக்குச் சொல்லுதேன்னுட்டேன். என்ன சொல்லட்டும்?”

நான் அவர் பிழிந்த ட்ரவுசர் ஒன்றை வாங்கிக் கொடியில் போட்டேன்.

“தப்பா ஒண்ணு சொல்லி, அந்தப் பள்ளிக்கூடத்துல யாராச்சும் கண்டுபிடிச்சா ஒன் யாவாரம்லா கெடும். என்ன என்ன சொல்லணும்னு ஒரு தாள்ல எழுதித் தா. படிச்சு வச்சுக்கிடுதேன். நீ முன்னாலயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா சரியாச் சொல்லியிருப்பேன்.”

ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். வாயில் வந்ததை எல்லாம் சொல்லி, அழுது, முடித்திருப்பேன். அவர் எழுதித் தரச் சொல்கிறார். அந்த ஈரக் கைகளைப் பார்த்துக்கொண்டு, “எழுத வேண்டாம்ப்பா,” என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அதைக் கேட்டுப் பழக்கமில்லை என்று சாக்குச் சொல்லலாம். உண்மை என்னவென்றால் வெட்கம், தலை நிமிரவில்லை.

அன்று சாயங்காலம் இனியாவை மாடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். படகு இல்லை, வலை இல்லை, தாத்தா கடலில் கால் வைத்ததே திருச்செந்தூர்க் கோயிலுக்குப் போனபோதுதான். அவள் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள். தாத்தா ஏன் பொய் சொன்னார் என்று கேட்டாள். எனக்காக என்றேன். நீ ஏன் சொன்னாய் என்றாள். தாத்தாவின் வேலையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது என்றேன்.

“அந்த வேலையில் என்ன தப்பு?” என்றாள்.

எதிர்க்கேள்வி போடவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி கேலி செய்தாள் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. அதைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருந்தது.

கிளம்புகிறவரைக்கும் என்னோடு அளந்துதான் பேசினாள். தாத்தாவோடு கடையில் இருந்தாள். அவர் ட்ரவுசர்களைச் சைஸ் வாரியாக அடுக்குவதையும், துண்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நிற்பதையும் படம் எடுத்தாள். அப்பாவும் வலையைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை. அவளிடம் நான் சொல்லிவிட்டேன் என்பது அவருக்குப் புரிந்திருக்கும். விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது, “துண்டு எத்தன வேணும்னு போன் போடு,” என்றார்.

8

திரும்பி வந்ததும் இணையப் பக்கத்தை எடுத்தோம். அங்கியின் பட்டைகளைப் பிரிக்கத் தொடங்கினோம். சந்தையில் அந்தப் புள்ளித் தோள் பெரியவரிடம் நேரில் போய் உண்மையைச் சொன்னேன். அங்கி நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அதன் பிறகு எங்கள் கூடாரத்துப் பக்கம் அவர் வரவில்லை.

புது வாசகம் எழுத ஒரு வாரம் ஆனது. இவர் தட்டச்சு செய்ய, நான் சொல்ல, இனியா பக்கத்தில் நின்று ஆங்கிலத்தைத் திருத்தினாள். என் அப்பா மலையடிவாரத்தில் அருவிக்குப் போகிற வழியில் துண்டு விற்கிறார், குளிக்க வருகிறவர்களுக்கு ட்ரவுசர் வாடகைக்குக் கொடுக்கிறார், நடுரோட்டில் மானம் போகாமல் துணி மாற்றச் சொல்லித் தருகிறார், அவரிடமிருந்துதான் இந்த அங்கி வந்தது என்று எழுதினோம். இனியா இதுதான் சரி என்றாள். வெளியிடும் முன் அப்பாவிடம் கேட்க வேண்டும் என்று இவர் சொன்னார். போன தடவை கேட்காததுதானே இவ்வளவுக்கும் காரணம்.

நேற்று ஃபோன் போட்டு, மூவரும் சுற்றி உட்கார, தமிழில் வரி வரியாக வாசித்துக் காட்டினேன். அப்பா கடையில் இருந்தார். யாரோ சைஸ் கேட்டார்கள், கொஞ்சம் பொறுங்க என்றார். நான் வாசித்து முடித்தேன்.

“நல்லாருக்கும்மா,” என்றார் பிறகு. “அந்த வாடகைங்கிறத மட்டும் எடுத்துரு. துண்டு யாவாரம்னு போடு, போதும்.”

“ஏம்ப்பா? அதுதான உண்மை.”

“நாலு நாட்டு ஆளுவ படிக்கது. ஒனக்குக் கொறச்சலா இருக்கும்லா,” என்றார். குரலைத் தாழ்த்தி, கடைக்கு வந்தவருக்குக் கேட்காத மாதிரி சொன்னார்.

அப்பா தன் வேலையைச் சொல்லக் கூசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. இந்த வயதில் அதை யாரிடம் கற்றுக்கொண்டார் என்று நான் யோசிக்க வேண்டியதே இல்லை.